ஒழுக்கு ராவுத்தரும் என் கார் ரிப்பேரும்

ஐம்பதுகளில் கொடைக்கானலில் வானம் ஒன்றுதான் யாரையும் கேட்காமல் ஒழுக முடியும். மற்ற எது ஒழுகினாலும் ஒழுக்கு ராவுத்தருக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

கடைவீதிச் சரிவில் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை. அதில் அடுப்பு, ஈயக் கட்டி, பற்றவைக்கும் கோல். ஓட்டை வாளி, விரிசல் விட்ட ஸ்டவ், ஒழுகும் லாந்தர் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். சொந்தப் பெயர் என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியாது. புதிதாக மாற்றலாகி வருகிறவர்கள் அவரை ‘ஒழுக்க ராவுத்தர்’ என்று காதில் வாங்கிக்கொண்டு, ஏதோ பெரிய நீதிமான் என்று எண்ணிக் கும்பிடு போடுவார்கள். அவரும் பதில் சலாம் வைத்துவிட்டு, அவர்கள் கையிலிருக்கும் கூஜாவின் அடிப்பாகத்தைப் பார்ப்பார்.

ஒழுக்கு அவருக்குத் தொழில் இல்லை, பகை. ஒரு டீக்கடையில் கெட்டிலின் மூக்கில் சொட்டுவதைப் பார்த்து, கொதிக்கிற டீயோடு கெட்டிலைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார். டீக்குக் காத்திருந்த எட்டுப் பேரும் வரிசை கலையாமல் பின்னாலேயே போனார்கள். இன்னொரு நாள் வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தியின் பங்களாக் கூரையில் தகர வாய்க்கால் ஒழுகுவதை ரோட்டிலிருந்தே கண்டு, சுவரேறிக் கூரைக்குப் போய்விட்டார். அம்மாள் துப்பாக்கியோடு வெளியே வர, இவர் மேலிருந்து, “ஒன் மினிட் மேடம், லீக்கு!” என்றாராம். அப்புறம் அந்த அம்மாள் பின்னிக் கொடுத்த ஊதா ஸ்வெட்டரைத்தான் சாகுமட்டும் போட்டிருந்தார்.

எனக்கு அவர் அறிமுகமானது தபாலாபீஸ் வாசலில். என் சட்டைப் பையில் நீல மசி கசிந்திருந்தது. பேனாவைப் பிடுங்கிக்கொண்டு போனார். மறுநாள் மெழுகு வைத்து அடைத்துக் கொண்டுவந்து தந்தார். அதன் பிறகு அது ஒழுகவே இல்லை. எழுதவும் இல்லை.

இப்போது என் பெருமைக்கு வருகிறேன். நாடு சுதந்திரம் அடைந்து, காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குக் கப்பலேறினார். அவர் கார் என் தலையில் விழுந்தது. பச்சை நிறம். ஸ்டார்ட் செய்தால் முன் விளக்கிலிருந்து பின் பம்பர் வரை நடுங்கும். தெருவில் அதற்கு ‘குளிர்காய்ச்சல்’ என்று பெயர். துரை காரோடு ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தையும் கொடுத்திருந்தார். உங்கள் காரை நீங்களே ரிப்பேர் செய்துகொள்வது எப்படி என்பதுதான் விஷயம். நான் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. இங்கிலீஷில் எழுதியிருப்பது எல்லாம் எனக்குப் புரியும் என்ற எண்ணம் உள்ளவன்.

“கிளார்க்குக்குக் கார் எதுக்கு மாப்ளே?” என்று என் மாமனார் கேட்டிருந்தார். ஆயக்குடியில் கொய்யாத் தோப்பு வைத்திருப்பவர். பேச்சும் கொய்யாக்காய் மாதிரிதான். கடித்தால் பல்லில் கல் படும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் நல்ல காலம் வந்தது. பிள்ளைக்குப் பழனியில் முடி இறக்க வேண்டும். “பஸ்ஸெல்லாம் வேண்டாம். நானே காரில் கூட்டிப் போகிறேன்” என்று கடிதம் எழுதிவிட்டேன்.

கடிதம் எழுதிய அன்றே கார் ஏற்றத்தில் இருமத் தொடங்கியது. புத்தகத்தைப் புரட்டினேன். பெட்ரோல் வரும் பாதையில் அடைப்பு என்று முடிவு கட்டினேன். ஊரில் மெக்கானிக் இருந்தார். ஆனால் புத்தகம் வைத்திருப்பவன் மெக்கானிக்கிடம் போவானா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பம்ப், கார்பரேட்டர், செப்புக் குழாய் எல்லாவற்றையும் கழற்றி, என் மனைவி மரகதத்தின் வடாம் காயவைக்கும் பாயில் பரப்பினேன். கழற்றும்போது பம்பில் கசிவைத் தடுக்கும் பேக்கிங் கிழிந்துவிட்டது. அதனால் என்ன? பழைய சைக்கிள் டியூபில் வட்டமாக ஒன்று வெட்டிப் போட்டேன். குழாய் மூட்டில் ஈரம் தெரிந்தது. நூலைச் சுற்றி, திருகு மரை கிறீச்சிடும்வரை முறுக்கினேன். எல்லாம் பூட்டி முடித்தபோது பாயில் வாசர் என்கிற செப்பு வளையம் இரண்டு மிச்சம்.

“இது எங்க போடணும்ங்க?” என்றாள் மரகதம்.

“அதெல்லாம் வெள்ளைக்காரன் வீண் செலவு” என்றேன்.

“பெட்ரோல் வாசம் வருதே?”

“புது ரிப்பேர் அப்படித்தான் வாசம் வரும்.”

மாமனார் கொய்யாக் கூடையோடு வந்து சேர்ந்தார். மறுநாள் வெள்ளனே கிளம்ப ஏற்பாடு. விடிந்ததும் நான் நெற்றி நிறைய விபூதியோடு ஸ்டியரிங்கைப் பிடித்து, போட்டோவுக்கு உட்காருவது போல் உட்கார்ந்திருந்தேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம். மாமனார் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு பானெட்டுக்குப் பக்கத்தில் நின்றார். மரகதம் தாம்பாளத்தில் கற்பூரம் ஏற்றி, வாசற்படியிலிருந்து காரைப் பார்த்து நடந்து வந்தாள்.

அப்போது பக்கத்து வீட்டுக்கு வாளி கொடுக்க ராவுத்தர் ஏற்றத்தில் வந்துகொண்டிருந்தார். எங்கள் கேட்டுக்கு நேராக வந்ததும் நின்றார். மூக்கைத் தூக்கினார். அடுத்த கணம் வாளி ஒரு பக்கம் உருண்டது. ஆள் உள்ளே பாய்ந்து, மரகதத்தின் கையிலிருந்த தாம்பாளத்தை எரிகிற கற்பூரத்தோடு பறித்துக்கொண்டு, வந்த வழியே சரிவில் ஓடினார்.

“ஏலே, புடிங்கடா! தட்டைத் தூக்கிட்டு ஓடுறான்!” என்று மாமனார் பிள்ளையை என் மடியில் ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டுத் துரத்தினார்.

ஊதா ஸ்வெட்டர் முன்னால், வெள்ளை வேட்டி பின்னால். தேரோட்டத்தில்கூட அத்தனை வேகத்தை நான் கண்டதில்லை. நூறடி தள்ளி, ரோட்டோரப் பாறை ஒன்றில் ராவுத்தர் தாம்பாளத்தை மெதுவாக வைத்தார். சுடர் அணையவில்லை. திரும்பி நின்று, மூச்சு வாங்க, மாமனாரைப் பார்த்துக் கை கூப்பினார்.

“இங்கேயே நின்னு கும்பிடுங்கய்யா. முருகனுக்கு இங்கெருந்தும் கண்ணு தெரியும். அங்க கொண்டு போனா எல்லாரும் சேந்து எரிஞ்சு போவீங்க.”

பிறகு எனக்குக் குரல் கொடுத்தார். “சார், வண்டிய அமத்துங்க! புள்ளையத் தூக்கிட்டு வெரசா எறங்குங்க!”

இறங்கினேன். அவர் வந்து பானெட்டைத் திறந்தார். எல்லாரும் எட்டிப் பார்த்தோம். என் சைக்கிள் டியூப் பேக்கிங் பெட்ரோலில் ஊறி, உப்பி, வெளியே நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அந்த நாக்கிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல். நான் முறுக்கிய மூட்டிலிருந்து இன்னொரு சொட்டு. இரண்டும் சூடான என்ஜினுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்துகொண்டிருந்தன. கீழே மண் நனைந்து கிடந்தது. ராவுத்தர் பறிக்காவிட்டால் மரகதம் கற்பூரத்தை வழக்கம்போல பானெட்டைச் சுற்றி மூன்று முறை காட்டியிருப்பாள். பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி அணைத்துக்கொண்டு அவள் பின்வாங்கினாள்.

“யாரு பாத்த வேலை இது?” என்றார் ராவுத்தர்.

மாமனார் என்னைப் பார்த்தார். என் வாயிலிருந்து, நான் கூப்பிடாமலே ஒரு பொய் வந்தது. “வத்தலக்குண்டு மெக்கானிக் ஒருத்தர்.”

ராவுத்தர் என் விரல்களைப் பார்த்தார். நகக் கண்ணெல்லாம் கறுப்பு. பாயோரம் கிடந்த வெட்டிய டியூபைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். ஏதோ தீர்மானித்தவர் போலத் தலையாட்டினார்.

“அந்த வத்தலக்குண்டுக்காரரைப் பாத்தீங்கன்னா நான் சொன்னேன்னு சொல்லுங்க சார். சைக்கிள் டியூபுக்கும் பெட்ரோலுக்கும் ஆகாது. ஊறி அல்வாவாப் போயிரும்.”

“சொல்றேன்.”

“பெட்ரோல் குழாயில கை வைக்கிறதுக்கு முன்னாடி என்ஜின் ஆறியிருக்கணும். பேட்டரி ஒயரைக் கழட்டிப் போட்டுரணும். பீடி, அடுப்பு, வெளக்கு ஒண்ணும் கிட்ட வரக் கூடாது.”

“சொல்றேன்.”

“செப்பு வாசரைப் போடாம நூலைச் சுத்தியிருக்கார். மரையைத் திருகித் திருகி அழிச்சிருக்கார். இறுக்கினா ஒழுக்கு நிக்கும்னு யாரு சொன்னது? ஒழுங்கா உக்காந்தாத்தான் நிக்கும்.”

“அவனெல்லாம் மனுசனா?” என்று மாமனார் சேர்ந்துகொண்டார். “எருமை மேய்க்கப் போக வேண்டிய பய. என்ன மாப்ளே, நான் சொல்றது?”

“வாஸ்தவம் மாமா” என்றேன்.

“புத்தி இருக்கா அவனுக்கு?”

“கிடையாது மாமா.”

“சரியான மடப்பய!”

“ரொம்ப நாளாவே அப்படித்தான்” என்றேன். மரகதம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பயணம் மறுநாளைக்குத் தள்ளிப் போயிற்று. ராவுத்தர் அன்று முழுக்கக் கொட்டகையைத் திறக்கவில்லை. காரை நனைந்த இடத்திலிருந்து தள்ளி நிறுத்தச் சொன்னார். சிந்தியதைத் துணியால் ஒற்றியெடுத்து, துணியை வெட்ட வெளியில் விரித்தார். மரை அழிந்த மூட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, மெக்கானிக்கிடமிருந்து வேறு மூட்டு வாங்கி வந்தார். வெள்ளைக்காரனின் வீண் செலவான என் இரண்டு வாசர்களையும் கொட்டகைக்குக் கொண்டுபோய், சிவக்கச் சுட்டு, தண்ணீரில் போட்டு மெத்தென்று ஆக்கி எடுத்து வந்தார். பம்புக்குத் தக்கைத் தகட்டில் பேக்கிங் வெட்டினார். எல்லாம் பூட்டியதும் மூட்டுகளைத் துடைத்து, அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து, என்ஜினை ஓடவிட்டு, எதிரே குந்திக்கொண்டார். அரை மணி நேரம் காகிதத்தையே பார்த்தார். ஒரு புள்ளி விழவில்லை. பக்கத்தில் குந்தியிருந்த மாமனார்தான் பாதியில் தூங்கிவிட்டார்.

மறுநாள் விடியலில் நாங்கள் கிளம்பும்போது முன் சீட்டில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். ஊதா ஸ்வெட்டர்.

“பெருமாள்மலை வரைக்கும் ஒரு சோலி கெடக்கு” என்றார்.

மாமனாரும் மரகதமும் பிள்ளையோடு பின்னால் ஏறிக்கொண்டார்கள். வழியில் ஒவ்வொரு வளைவிலும் ராவுத்தர் கையைத் தூக்குவார், நான் நிறுத்துவேன், அவர் இறங்கிப் பானெட்டைச் சுற்றி மோந்துவிட்டு ஏறிக்கொள்வார். பெருமாள்மலைக் கடைகளுக்கு முன்னால் கடைசியாக ஒருமுறை ரோட்டில் மல்லாக்கப் படுத்து வண்டிக்கடியில் பார்த்தார். எழுந்து ஸ்வெட்டரைத் தட்டிக்கொண்டு, “போயிட்டு வாங்க. புள்ளைக்குக் காத்து படாமப் பாத்துக்கங்க” என்றார். லேசாகத் தூறல் பிடித்திருந்தது. ஏதோ கடைக்குள் போவார் என்று நினைத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

மலை இறங்கியதும் மாமனார் குறட்டை விட்டார். மரகதம் முன்னால் குனிந்து என் காதருகே, “வத்தலக்குண்டு வருதுங்க. உங்க மெக்கானிக்கைப் பாத்து ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போகலாமா?” என்றாள். நான் ஹாரனை அடித்தேன். ரோட்டில் யாரும் இல்லை.

பழனியில் முடி இறக்கி, சாமி பார்த்து, மூன்றாம் நாள் ஊர் திரும்பினோம். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. பஞ்சாமிர்தத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பக்கத்து மளிகைக் கடைக்காரர்தான் முதலில் பிடித்துக்கொண்டார். “என்ன சார், அன்னிக்கு ராவுத்தரைப் பெருமாள்மலையில எறக்கி விட்டுட்டுப் போயிட்டீங்களாமே? மனுசன் மழையில நனைஞ்சுக்கிட்டு, குனிஞ்ச தலை நிமிராம நடந்தே வந்து சேந்தாரு. ஏழு மைல் ஏத்தம்!”

கொட்டகைக்குள் ராவுத்தரிடம் ஓடினேன். “ஏன் பாய், பஸ்ஸில் வந்திருக்கலாமே? அங்கே என்ன சோலி?”

ராவுத்தர் பஞ்சாமிர்தத்தை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். கொஞ்சம் வெட்கப்பட்டார் என்றுகூடச் சொல்லலாம்.

“சோலி ஒண்ணுமில்ல சார். நீங்க வந்த ரோட்டைப் பாத்துக்கிட்டே நடந்தேன். பெட்ரோலு சொட்டியிருந்தா தார்ல கறை நிக்கும். ஈரத்துல கலர் கலராத் தெரியும். ஒரு எடத்துல கூட இல்ல.”

“சரி, ஒரு சொட்டு இருந்ததென்றே வையுங்கள். அதற்குள் நாங்கள் மலையை விட்டே இறங்கியிருப்போமே. என்ன செய்திருப்பீர்கள்?”

இதென்ன கேள்வி என்பது போல என்னைப் பார்த்தார்.

“பின்னாடியே ஓடி வந்திருப்பேன்.”

வந்திருப்பார்.