தால்ச்சா வாளியும் துப்பாத கேமராவும்

மனிதன் தன் வாழ்நாளில் ஒரு கல்யாணத்திலாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இது என் தீர்மானம். என் மனைவி நஃபீஸத் வீட்டுக் கல்யாணங்களில் நான் இதுவரை நின்றுகொண்டே இருந்திருக்கிறேன், கையில் நெய்ச்சோற்றுக்கு ஊற்றும் தால்ச்சா வாளியோடு. மருமகன் பந்தி பரிமாறினால்தான் அவர்களுக்குக் கௌரவம். என் வெள்ளைச் சட்டைகளின் கௌரவத்தைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் அக்கா மகள் ஷம்ஸியாவுக்கு மேலப்பாளையத்தில் கல்யாணம். பெண்கள் பக்கம் செல்போனுக்குத் தடை. படம் ஊர் சுற்றிவிடும். எடுத்த கையோடு படத்தை அட்டையாகத் துப்புகிற பழைய கேமராவுக்கு மட்டும் அனுமதி உண்டு. ஒரே பிரதி, அதுவும் மணப்பெண் கைக்குப் போய்விடும். அப்படியொரு கேமரா எங்கள் பீரோவில் கிடந்தது. நஃபீஸத்தின் தம்பி ஷமீம் எப்போதோ துபாயிலிருந்து கொண்டுவந்தது. பொத்தானை அழுத்தினால் வாயைத் திறக்க மறுத்தது.

"இத நான் சரி பண்ணிட்டா?" என்றேன்.

"இந்தக் கல்யாணத்துல நீங்க உக்காந்து சாப்பிடலாம்."

"பேச்சு மாற மாட்டியே?"

"சனிக்கிழமை மஃரிபுக்குள்ள படம் வெளிய வரணும். வரலைன்னா வாளி."

சனிக்கிழமை காலையிலேயே வேலையைத் தொடங்கினேன். முதலில் பேட்டரி. மேலே, கீழே, பக்கவாட்டில், எங்கும் அதற்கான மூடியைக் காணோம். ஆகவே இது பேட்டரி வேண்டாத இயந்திரம். தர்க்கம் படித்தவனுக்கு இதெல்லாம் பெரிய விஷயமில்லை. அப்படியானால் ஃப்ளாஷ் எப்படி அடிக்கும் என்றொரு கேள்வி எழுந்தது. அதற்கு அப்புறம் வரலாம் என்று ஒதுக்கினேன்.

முன்கதவைத் திறந்தேன். பழைய ஃபிலிம் பெட்டி உள்ளேயே இருந்தது. படத்தைப் பிடித்து வெளியே தள்ளும் உருளைகளில் அழுக்குப் படிந்திருந்தது. குற்றவாளி கிடைத்தான். துடைக்க ஸ்பிரிட் இல்லை. பஞ்சை அத்தரில் நனைத்தேன்.

"என்ன, வாசம் அடுப்படி வரைக்கும் வருது?"

"உருளையத் துடைக்கேன்."

"அது கல்யாணத்துக்கு வச்ச அத்தர்லா!"

"விஞ்ஞானத்துல சேதாரம் இருக்கத்தான் செய்யும்."

"பைய ஊத்துங்க. மாப்பிள்ளைக்கும் கொஞ்சம் மிச்சம் வேணும்."

கேமரா மாப்பிள்ளையைப் போல மணத்தது. பேச்சில் மட்டும் புது மணப்பெண்.

ஸ்க்ரூடிரைவர் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு அசன் மைதீன் அங்கேயே நின்றுவிட்டார்.

"என்ன வே, கேமராவா, குக்கரா? இப்படிப் பிரிச்சுப் போட்டிருக்கீரு?"

"இன்னைக்குள்ள ஓடணும்."

"ஷமீமுக்கு ஒரு போன் போட்டுக் கேளும்."

"மச்சினன்கிட்டயா? நானா?"

"அப்ப வாளியத் தூக்கும். உம்ம தால்ச்சாவுக்குன்னே ஆளு காத்துக் கெடக்கு வே."

மச்சினனிடம் சந்தேகம் கேட்கிற மருமகன் எங்கள் தெருவில் இன்னும் பிறக்கவில்லை. நான் விடவில்லை. ஊதினேன், தட்டினேன், திரும்பப் பூட்டிக் குலுக்கினேன். நடுவில் குளிர்ந்த தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"அந்த மசாலா டப்பாவத் தொட்ராதீங்க. கல்யாணத்துக்கு வச்சிருக்கு."

எனக்கெதற்கு மசாலா?

பொழுது அடைந்து மஃரிப் பாங்கு சொன்னார்கள். கேமரா ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் பந்தியில் நான், வாளி, அகப்பை. பெண்கள் பக்கத்துத் திரை லேசாக விலகி, கேமராவோடு நஃபீஸத் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இங்கன பாருங்க."

பளிச்சென்று ஒரு வெளிச்சம். 'விர்ர்ர்' என்ற சத்தத்தோடு, அத்தர் மணக்க, ஒரு வெள்ளை அட்டை வெளியே வந்தது.

"இது எப்படி ஓடுது?" என்றேன்.

"பேட்டரி அந்த ஃபிலிம் பெட்டிக்குள்ளயே இருக்காம். பழசு செத்துப் போச்சு, புதுப் பெட்டி போட்டா ஓடும்னு ஷமீம் போன வாரமே சொல்லி, ஆள்கிட்ட ஒண்ணு குடுத்தும் விட்டான்."

"அது எங்க இருந்துச்சு?"

"மசாலா டப்பாக்குள்ள. ஃப்ரிட்ஜ்லதான் வைக்கணுமாம்லா."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீங்க சரி பண்ணிருப்பியளே. பந்திய யாரு பாக்க?"

அட்டையை என் சட்டைப் பையில் செருகிவிட்டுத் திரைக்குள் போய்விட்டாள். எடுத்துப் பார்த்தேன். மெல்ல மெல்லப் படம் தெளிந்தது. முதலில் வாளி வந்தது. வெகுநேரம் கழித்து, அதன் பின்னால், நான்.