தங்கை மகளுக்கு ஒரு சாட்டின் கவுன்

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணனின் ஆசீர்வாதம். இங்கே நாங்கள் சுகம். என் முழங்கால் மட்டும் என்னோடு பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டது. எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுகிறாள். (பாதிதான் எழுதுகிறேன். மீதி எழுதும்படியாக இல்லை. - அண்ணி)

உன் மகளுக்குக் கல்யாண விருந்தன்று சாட்டின் கவுன்தான் என்று நீ ஒற்றைக்காலில் நிற்கிறாயாம். அவளோ நேற்று போனில் ஒரே அழுகை. "மாமா, எனக்கிருக்கிற உடம்புக்குச் சாட்டின் போட்டா விளக்குப் போட்ட மூட்டை மாதிரி இருப்பேன். அத்தனை பேரும் பாப்பாங்க. அம்மாகிட்ட வேண்டாம்னு சொல்லுங்க மாமா." கல்யாணப் பொண்ணு அழுதால் தாய்மாமனுக்குச் சோறு இறங்குமா? ஆயுசெல்லாம் துணிக்கடையில் துணி விரித்துப் போட்டவன் ஆச்சே, காலையிலேயே பழைய கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

ஒன்று தெரிந்துகொள். சாட்டின் என்பது நூலோட பேர் இல்லை, நெசவோட பேர். ஒரு நூல் நாலு நூலுக்கு மேலே சோம்பலாக மிதந்துபோய், அடுத்ததுக்கு அடியில் ஒரு முங்கு முங்கி எழும். அந்த மிதப்பில்தான் வெளிச்சம் வழுக்குது. பட்டிலே நெய்தால் பட்டுச் சாட்டின், கன்னத்தில் வைத்தால் குழந்தை தூக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். பருத்திச் சாட்டின் அதிகம் மினுங்காது, ஆனா தங்கமான குணம், மெத்தை விரிப்புக்கு ஆகும். பாலியஸ்டர் சாட்டின் கண்ணாடியாய் மின்னும், வேர்த்தால் விரோதி. மெல்லிசுச் சாட்டின் உடம்போடு தண்ணியாய் ஒழுகும், நேற்றுச் சாப்பிட்டதைக்கூட ஊருக்குச் சொல்லிவிடும். கெட்டிச் சாட்டின் என்று ஒன்று, அது கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி தானாகவே விறைத்து நிற்கும், உள்ளே யார் இருந்தா அதுக்கென்ன!

இப்படி ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டே வந்தேனா, பட்டுச் சாட்டின்கிட்ட வந்ததும் ஏதோ குளத்தில் மல்லாந்து மிதக்கிறேன், மேலே மேகம் போகுது, கரையே இல்லை. "பெரியவரே, தூங்கணும்னா தலையணை மூணாவது மாடியில இருக்கு" என்று விற்பனைக்காரப் பையன் உலுக்கினான். பிள்ளை உடம்பைக் காட்டிக்கொடுக்காது என்று கெட்டிச் சாட்டினே வாங்கினேன். பஸ்ஸில் அது மடியிலிருந்து நழுவி, கட்டு அவிழ்ந்து, நீளத்துக்கும் விரிந்து ஓடியது பார், வெள்ளம் வந்தமாதிரி அத்தனை பேரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். கண்டக்டர், "யாருதுங்க இந்த ஆறு?" என்றார்.

ஆகவே நீ சொன்னதே சரி. பளபளவென்று தைத்துவிடு. அழுதால் அழட்டும், கண்ணாடி பார்த்தால் நிறுத்திவிடுவாள். எல்லாத் துண்டையும் ஒரே திசையில் வெட்டு, இல்லாவிட்டால் முன்னே ஒரு நிறம், பின்னே ஒரு நிறம் தெரியும். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். எல்லாரும் நிறைவாக இருங்கள்.

உன் அண்ணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் உன் மகளே வந்துவிட்டாள். துணியைத் தோளில் போட்டுக் கண்ணாடி பார்த்தாள், முகம் சுருங்கிப்போச்சு. "பாத்தீங்களா மாமா, மூட்டை." உன் அண்ணி துணியைத் திருப்பிப் போட்டாள். சாட்டினுக்குப் பின்பக்கம் மினுக்கு கிடையாது, மழைக்கு முந்தின வானம் மாதிரி அமைதியாக இருக்கும். மினுக்கெல்லாம் உள்ளே, அவள் கழுத்தைத் தொடுகிற பக்கம் போய்விட்டது. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தோளோடு அழுத்திக்கொண்டாள். "உள்ள யாரோ தடவிக்குடுக்கிற மாதிரி இருக்கு மாமா. வெளிய யாருக்கும் தெரியாதுல்ல?" "தெரியாதும்மா." சிரித்தாள். அதனால் மேலே சொன்னதையெல்லாம் விட்டுவிடு, பின்பக்கம் வெளியே வரும்படி தை. யாராவது கேட்டால், தாய்மாமனுக்குத் துணியில் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்றே தெரியாது என்று சொல்லிவிடு.