மூன்றாவது நோட்டீஸ்

அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் ஒரு வீட்டில் இன்டர்நெட் போய்விடும். ஊரில் எத்தனை பேருக்கு இந்த அதிகாரம் உண்டு? நோட்டீஸ்காரருக்கு உண்டு. அந்த நினைப்போடுதான் தினமும் காலையில் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பார். இஸ்திரி போட்டது வீட்டம்மா என்பது வேறு விஷயம்.

இன்டர்நெட் கம்பெனியில் அவருக்கு வேலை இதுதான். எந்த இணைப்பில் எந்த நேரத்தில் தங்கள் படம் திருட்டுத்தனமாக இறங்கியது என்று படக் கம்பெனிக்காரர்கள் புகார் அனுப்புவார்கள். இவர் அந்த வாடிக்கையாளருக்கு நோட்டீஸ் விடுவார். முதல் நோட்டீஸுக்கும் இரண்டாவது நோட்டீஸுக்கும் மனுப் போட்டு மன்னிப்புக் கேட்கலாம். மூன்றாவது வந்தால் பேச்சே இல்லை. ஒரு மாதத்துக்கு லைன் கட்.

யாருக்கும் ஓரவஞ்சனை நடக்கக் கூடாது என்று பெயர், விலாசம் எல்லாவற்றையும் கம்பெனி மறைத்துவிடும். இவர் கண்ணில் படுவது பதினோரு இலக்க எண் ஒன்றுதான். அவருடைய சொந்த வீட்டு இணைப்பின் எண் என்ன என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். "என் பேர்ல லைன் இருந்தா சலுகை வாங்கிட்டான்னு நாக்கு மேல பல்லு போட்டுப் பேசுவாங்க" என்று பெருமையாகச் சொல்லி, இணைப்பை வீட்டம்மா பெயரில் வாங்கியிருந்தார். அதற்கு வருகிற கடிதம் கிடிதம் எல்லாம் அந்த அம்மாளுக்குத்தான் வரும்.

வீட்டம்மா லேசுப்பட்டவர் இல்லை. தண்ணீர் அலுவலகத்தில் புகார் ஜன்னலுக்குப் பின்னால் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருப்பவர். எந்த மனு எங்கே தைக்கும், எது குப்பைக்குப் போகும் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுவார்.

அன்று சாப்பிட உட்கார்ந்ததுமே நோட்டீஸ்காரர் ஆரம்பித்தார்.

"இந்தாம்மா, எங்க பிரிவுக்குத் தலைவர் போடப் போறாங்க. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை முடிவு."

"அப்படியாங்க? யாரைப் போடுவாங்க?"

"யாரையா? என்னை விட்டா ஆள் ஏது? எதிர்வீட்டுப் பல் டாக்டர்கிட்டகூட சொல்லிட்டேன், நாற்காலி எனக்குத்தான்னு. பத்து வருஷம் மனு படிச்சு நியாயம் சொன்ன அனுபவம் வேணுமாம். பேருக்கு, வெளி ஆளும் விண்ணப்பம் போடலாம்னு போட்டிருக்காங்க."

"எந்த ஆபீஸ்ல மனு படிச்சிருந்தாலும் சரியா?"

"மனு மனுதானே. எந்த ஆபீஸா இருந்தா என்ன? ஏன் கேக்கறே?"

"சும்மாதான். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா?"

அவர் தட்டை நீட்டிக்கொண்டே இன்னொரு கையால் போனை எடுத்தார். "இன்னிக்கு ஒரு மனு வந்துது பாரு. ஒரு வீட்டுக்கு இது ரெண்டாவது நோட்டீஸ். அந்தம்மா எழுதியிருக்காங்க, கேளு." தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார்.

'ஐயா, என் கணவர் கெட்டவர் இல்லை. அவருக்குக் கெட்ட எண்ணம் வராது. எண்ணம் என்று ஒன்று வருவதே அபூர்வம். கம்ப்யூட்டரில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால், உனக்குச் சொன்னால் புரியாது என்கிறார். அவருக்கே புரியவில்லை என்பது தங்கள் நோட்டீஸைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.'

நோட்டீஸ்காரருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. வீட்டம்மா அவர் தலையைத் தட்டித் தண்ணீர் கொடுத்தார்.

"பாவம்ங்க அந்தம்மா."

"அந்தம்மா கெட்டிக்காரி. கட்டினவன் இருக்கானே, அவன்தான் சரியான மண்ணு."

"அப்படிச் சொல்லாதீங்க. அவரும் ஏதோ நல்ல வேலையாத்தான் பண்ணியிருப்பார்."

"நல்ல வேலையாம்! நான் என்ன தீர்ப்பு எழுதினேன் தெரியுமா? 'இத்தகைய கணவருடன் குடும்பம் நடத்துவதே போதுமான தண்டனை. மன்னிக்கப்பட்டது.' எப்படி?"

"உங்க கையெழுத்துலயா?"

"கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் சேர்த்து. மேலாளர் விழுந்து விழுந்து சிரிச்சார். மனுவையும் தீர்ப்பையும் போர்டுல ஒட்டச் சொல்லிட்டார்."

"அந்தத் தீர்ப்பை இனிமே மாத்த முடியுமாங்க?"

"எந்தக் கொம்பனாலயும் முடியாது" என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"அது சரி, ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்கு நம்ம கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து என்னங்க பண்றீங்க?"

"ஆபீஸ் வேலை. உனக்குச் சொன்னா புரியாது."

வீட்டம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த ஞாயிறும் வழக்கம்போல் ஆபீஸ் வேலை நடந்தது. திங்கட்கிழமை அதே பதினோரு இலக்க எண்ணுக்கு மூன்றாவது புகார் வந்து விழுந்தது.

நோட்டீஸ்காரர் கொதித்துப் போய் உடனே மூன்றாவது நோட்டீஸை விட்டார். இரக்கப்பட்டால் தலையில் ஏறி மிளகாய் அரைக்கிறானே! இந்த லைனை நானே நேரில் போய் வெட்டுகிறேன் என்று புதன்கிழமை மேலாளர் அறையில் போய்ச் சூளுரைத்தார்.

மேலாளர் கையிலிருந்த காகிதத்தைப் படித்துக்கொண்டே, "வெள்ளிக்கிழமை போங்க. நானும் வர்றேன்" என்றார்.

மேலாளரே வருகிறாராம். அதுவும் வெள்ளிக்கிழமை! தன் வீரத்தை நேரில் பார்த்து அங்கேயே பதவியைக் கொடுக்கப் போகிறார் என்று நோட்டீஸ்காரருக்கு நெஞ்சு நாலு அங்குலம் விரிந்தது.

வெட்டப் போகிற வீட்டின் விலாசம் ஒட்டிய உறைக்குள் இருக்கும். அதைப் பிரித்துப் பார்க்கிற உரிமை லைன்மேனுக்குத்தான். அவர் பிரித்தார், படித்தார், வண்டியை எடுத்தார். பேக்கரியைத் தாண்டி, பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு வண்டி போயிற்று.

"அட, எங்க தெரு!" என்று துள்ளினார் நோட்டீஸ்காரர். "நினைச்சேன் சார். எதிர்வீட்டுப் பல் டாக்டர். ஆள் எப்பவும் இளிச்சுக்கிட்டே இருப்பான். அப்பவே எனக்குச் சந்தேகம்."

வண்டி எதிர்வீட்டுப் பக்கம் நிற்கவில்லை.

"ஏம்ப்பா, இது என் வீடு. முதல்ல காப்பி குடிச்சுட்டுப் போகலாம்னு நிறுத்தினியா?"

"இல்ல சார். வெட்ட வேண்டிய வீடே இதுதான்" என்று லைன்மேன் சீட்டை நீட்டினார். அதில் வீட்டம்மாவின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது.

வீட்டம்மா வாசலிலேயே நின்றிருந்தார். அரை நாள் விடுப்பாம். "வாங்க சார், வாங்க தம்பி" என்று எல்லோரையும் உட்காரவைத்துவிட்டு, மூன்று நோட்டீஸ்களையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினார்.

"மூணும் ஞாயித்துக்கிழமை, பதினோரு மணி. அந்த நேரத்துல கம்ப்யூட்டர் முன்னால இருக்கறவர் இவர்தான் சார்."

"அடிப்பாவி! நான் சோதனைதானே பண்ணேன்!" என்று அலறினார் நோட்டீஸ்காரர். "புகார்ல சொன்ன படம் நிஜமாவே அங்க இருக்கான்னு பார்க்க வேணாமா? ஆபீஸ்ல அந்தத் தளமெல்லாம் திறக்காது. அதனால வீட்டுல இறக்கி, பத்து நிமிஷம் பார்த்து, உடனே அழிச்சிடுவேன் சார். என்னை மாதிரி கடமை உணர்ச்சி யாருக்கு வரும்?"

மேலாளர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "படம் இறங்கறப்பவே உங்க கம்ப்யூட்டர் அதை ஊருக்கெல்லாம் பரிமாறுமே, அது தெரியாதா? பத்து வருஷமா இதுக்குத்தானே நோட்டீஸ் விடறீங்க?"

நோட்டீஸ்காரர் வீட்டம்மா பக்கம் திரும்பினார்.

"அப்ப அந்த மனு... அந்த மண்ணு..."

"நான்தாங்க எழுதினேன். மண்ணுங்கறது மட்டும் நீங்க சொன்னது."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"கேட்டேனே. சொன்னா புரியாதுன்னீங்க."

மேலாளர் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். "நான் வந்ததே இதுக்காகத்தான். மூணாவது நோட்டீஸ் போனதும் இவங்க மன்னிப்புக் கேக்கல. 'இனி மன்னிக்கச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. இத்துடன் பிரிவுத் தலைவர் பதவிக்கு விண்ணப்பம் இணைத்திருக்கிறேன்'னு எழுதினாங்க. பதினாறு வருஷ அனுபவம்! நேர்ல பார்த்துப் பேசணும்னுதான் வந்தேன். உங்க வீட்டம்மான்னு தெரியாது."

"சார், அந்த நாற்காலி எனக்குன்னு..."

"தப்புப் பண்ணவரை எப்படித் தலைவராப் போடறது? கண்டுபிடிச்சவங்களைப் போடலாம். உங்க வேலைக்கும் வேட்டு வெச்சிருக்கணும். போர்டுல ஒட்டின தீர்ப்பு காப்பாத்துது. போதுமான தண்டனைன்னு நீங்களே எழுதிட்டீங்களே."

பேச்சு முடிந்தது. லைன்மேன் படிவத்தை நீட்ட, நோட்டீஸ்காரர் தன் வீட்டு லைனை வெட்டத் தானே கையெழுத்துப் போட்டார். கையெழுத்து வழக்கம்போல் கம்பீரமாகத்தான் விழுந்தது. மேலாளர் வீட்டம்மாவிடம் திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிவிட்டு வண்டி ஏறினார்.

அவமானம்தான். ஆனால் அவர் மனசுக்கு அவமானத்தில் நெடுநேரம் தங்கத் தெரியாது. எத்தனை பேர் வீட்டில் ஒரு பிரிவுத் தலைவர் இருக்கிறார்? அந்த அறிவாளியைத் தேர்ந்தெடுத்துக் கட்டிக்கொண்டது யார்? இந்தக் கணக்கில் பார்த்தால் அசல் கெட்டிக்காரர் தான்தான் என்று வழி அனுப்பிவிட்டுத் திரும்புவதற்குள் முடிவுக்கு வந்துவிட்டார். நெஞ்சு பழையபடி விரிந்தது.

எதிர்வீட்டு வாசலில் பல் டாக்டர் நின்றிருந்தார்.

"என்ன சார், அந்த நாற்காலி கிடைச்சுதா?"

"கிடைச்சுது டாக்டர்! எங்க வீட்டுக்குத்தான்" என்றார் நோட்டீஸ்காரர், மீசையை முறுக்கி.

"தெரியுமே" என்றார் பல் டாக்டர். "மேடம் விண்ணப்பத்துக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுத்ததே நான்தானே!"