மிச்சம் நின்ற சத்தம்

மீட்டிங் தொடங்கிய கையோடு, புரோகிராமரின் காதில் அவருடைய குரலே கேட்டது. "எங்க மேனேஜரம்மாவுக்குத் தலைக்குள்ள வெறும் களிமண்ணு!"

முந்தின நாள் இதே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, வெளியூர் போயிருந்த மனைவியிடம் அவர் சொன்னது. கணினித் திரையில் மேனேஜரம்மா முகத்தைச் சுளித்தார்.

"அது... பக்கத்து வீட்டு ரேடியோ, மேடம்" என்றார் இவர்.

"எது?"

இவர் அவசரமாகப் பேச்சை மாற்றினார். டீம் லீடர் பதவி யாருக்கு என்று அந்த அம்மாள் வெள்ளிக்கிழமை சொல்லப்போகிறார். அதற்காக வருஷக்கணக்கில் தவம் கிடப்பவர் இவர்.

கோளாறு எங்கே என்று உடனே புரிந்துவிட்டது. புரியாமல் என்ன? கணினியையும் ஹெட்செட்டையும் இணைக்கும் டிரைவர் என்ற நிரலை எழுதியதே இவர்தான். ஒரு அழைப்பு முடிந்ததும், சத்தம் தங்கியிருந்த மெமரியைத் துடைத்துவிட்டுத்தான் அடுத்த அழைப்புக்குத் தரவேண்டும். அவசரத்தில் துடைக்க மறந்துவிட்டார். ஒருவர் குடித்த டம்ளரைக் கழுவாமல் அடுத்தவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்த கதைதான். ஒப்புக்கொண்டால் பதவி போச்சு.

மதியம், நிரல்களைச் சோதிக்கும் பெண் போன் செய்தாள்.

"சார், உங்க டிரைவர்ல பழைய சத்தம் மிச்சம் நிக்குது. ஆனா..."

"ஆனாவும் வேணாம், ஆவன்னாவும் வேணாம். நான் பாத்துக்கறேன்!"

பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கேளுங்கள். மறுநாள் மீட்டிங்குக்கு முன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்செட்டில் சும்மா ஒரு அழைப்பைப் போட்டு, மெமரியை நல்ல வார்த்தைகளால் நிரப்ப ஆரம்பித்தார்.

"எங்க மேனேஜரம்மா மாதிரி அறிவு யாருக்கு வரும்? அந்தச் சிரிப்பு ஒண்ணு போதுமே!"

கதவு திறந்தது. ஊரிலிருந்து திரும்பிய மனைவி பெட்டியும் கையுமாக நின்றாள்.

"நான் இல்லாத நேரத்துல யாரு அந்தச் சிரிப்புக்காரி?"

"ஐயோ, நான் மெஷினை ஏமாத்திட்டிருக்கேன்மா!"

"மெஷினையா, என்னையா? அந்த மூதேவியை இனி ஒரு வார்த்தை புகழ்ந்து பாருங்க!"

அதற்குள் மீட்டிங் நேரம் வந்துவிட்டது. ஆரம்பித்ததும் 'மூதேவி' காதில் கணீரென்று ஒலித்தது. மேனேஜரம்மா திரையில் லேசாகப் புன்னகைத்தார். வஞ்சம் வைத்துச் சிரிக்கிறார் என்றே இவருக்குப் பட்டது.

இனித் தாங்காது என்று யாரிடமும் சொல்லாமல் நிரலையே திருத்தினார். பதறிய காரியம் சிதறும் அல்லவா? துடைக்கச் சொல்லவேண்டிய இடத்தில், மைக்கில் விழுவதையெல்லாம் சேர்த்துவைக்கச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மொத்த அலுவலகமும் திரையில் கூடியது. மேனேஜரம்மா டீம் லீடர் பெயர் எழுதிய தாளை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். இவர் காதிலோ இரண்டு நாள் வீட்டுப் பேச்சும் மடை திறந்து கொட்டியது. நடுவில், மனைவியைச் சமாதானப்படுத்த இவர் சொன்னதும் வந்தது. "அவங்க சிரிச்சா கழுதை கனைக்கற மாதிரில்ல இருக்கும்!"

எழுந்து நின்று கைகூப்பினார்.

"மேடம், மன்னிச்சிடுங்க! களிமண்ணுன்னு சொன்னது நான்தான். மூதேவி என் சம்சாரம் சொன்னது. கழுதையும் நான்தான்!"

மேனேஜரம்மா கையிலிருந்த தாளை மெதுவாக இரண்டாகக் கிழித்தார்.

சோதிக்கும் பெண்ணின் குரல்தான் முதலில் வந்தது.

"சார், அன்னைக்கே சொல்ல வந்தேன். அந்தப் பழைய சத்தம் உங்க காதுக்கு மட்டும்தான் கேக்கும். இப்ப நீங்க வாயைத் திறக்கற வரைக்கும் வெளிய ஒரு எழுத்துகூடக் கசியல!"