அப்பாவின் புனலும் சத்தம் போடாத ஃபேனும்

கம்பியூட்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்தான் நான் அறிந்துகொண்டேன். அதுவரை அது எனக்கும் தெரியாது, எங்கள் கடற்கரை ஊரான அரிப்பின் சனத்துக்கும் தெரியாது. போரில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது யாரோ நடத்திய ஆறு மாத வகுப்புக்குப் போய் ஒரு சான்றிதழ் வாங்கியிருந்தேன். மீள்குடியேறி ஊருக்கு வந்தபோது பாதிப் பேரிடம் அடையாள அட்டையே இல்லை. என்னிடம் லமினேட் பண்ணிய சான்றிதழ் இருந்தது. அது போதாதா? நான் "கம்பியூட்டர் மாஸ்ரர்" ஆகிவிட்டேன். (வயது இருபத்திரண்டு. மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை.)

மாஸ்ரரின் சொத்து ஒரேயொரு கம்பியூட்டர். மன்னாரில் ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோர் கழித்துவிட்டதை அப்பா வாங்கிவந்து வீட்டின் முன்னறையில் வைத்துத் தந்தார். கூரையோ தகரம், வெயிலோ அரிப்பு வெயில். பத்து நிமிடம் ஓடினால் உள்ளேயிருக்கும் புரோசசர் கொதித்து, பெட்டி தானாகவே நின்றுவிடும். புரோசசருக்கு மேலே குந்தியிருந்த சின்ன ஃபேன், அப்பாவின் மீன்பிடி போட் எஞ்சின் மாதிரிக் கத்தும். அந்தக் கத்தல் நின்றால் பெட்டி செத்துவிட்டது என்று வீடு முழுக்கத் தெரியும். குசினிக்குள் அடுப்படியில் இருந்து அம்மா, "நிண்டிட்டுது போல" என்பார். பெட்டியின் லைற் எப்போதோ பழுதாகிவிட்டதால் எங்களுக்கு அந்தச் சத்தம்தான் கணக்கு.

பெட்டிக்கு வந்த இந்த வருத்தம் என் அக்கா ஜெசிந்தாவின் கலியாணத்தில் கைவைக்கும் என்று யார் நினைத்தது?

அக்காவுக்கு முப்பத்தொரு வயது. கலியாணம் பேசவேண்டிய வருடங்களில் நாங்கள் பெட்டி படுக்கையோடு இடம் மாறிக்கொண்டிருந்தோம். ஊருக்கு வந்தபிறகுதான் கனடாவில் இருந்து அன்ரன் என்பவரின் சம்பந்தம் வந்தது. படம் பார்த்து இரண்டு பக்கமும் சரி. இனி வீடியோ கோலில் முகம் பார்க்கவேண்டும். முதல் தரம், மாப்பிள்ளையின் தாய் "பிள்ளையக் கூப்பிடுங்கோ" என்றதும் பெட்டி நின்றது. இரண்டாம் தரம், அக்கா வந்து கதிரையில் உட்கார்ந்ததும் நின்றது. அந்த மாமி ஃபோன் எடுத்து அம்மாவிடம் சொன்னார்: "ரெண்டு தரம் தடங்கல் வந்திட்டுது. மூண்டாந் தரமும் கட்டானால் இது ஆண்டவருக்கு விருப்பமில்லாத காரியம். விட்டிடுவம்."

விருப்பமில்லாதது ஆண்டவருக்கு அல்ல, என் புரோசசருக்கு. அதைக் கனடாவுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? அம்மா மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தார். அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, எனக்கு அந்த முகத்தப் பிடிச்சிருக்கு. உன்ர பெட்டியால இது குழம்பக்கூடாது" என்றார். அக்கா யாரிடமும் எதுவும் கேட்காத ஆள். அன்றிரவே பெட்டிக்கு முன்னால் குந்தினேன்.

இணையத்தில் தேடினேன். சின்ன ஃபேனைக் கழற்றிவிட்டுப் பெரிய ஃபேன் பூட்டினால் அது மெதுவாகச் சுற்றினாலும் கூடக் காற்று அடிக்குமாம். பெரிய ஃபேன் சின்ன இடத்தில் பொருந்தாது என்பதால் நடுவில் அடாப்டர் என்று ஒரு சாமான் வேண்டுமாம். அகன்ற பக்கம் ஃபேனுக்கு, ஒடுங்கிய பக்கம் புரோசசருக்கு. இதை வாசித்து முடிக்கப் பெட்டி ஐந்து தரம் நின்றது. எனக்கு விளங்கியதில் பாதி, இடையில் நானே ஊகித்தது.

மன்னார் ரவுணில் ஒரு ரிப்பெயர் கடைக்காரர் பழைய பெட்டி ஒன்றிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு ஃபேனைக் கழற்றித் தந்தார். அடாப்டர் கேட்டேன்.

"அது என்ன சாமான்?"

"புனல் மாதிரி இருக்கும் அண்ணை."

"தம்பி, புனல் வேணுமெண்டால் பாத்திரக் கடைக்குப் போம்."

அவர் பகிடியாகத்தான் சொன்னார். நான் அதைத் தொழில்நுட்ப ஆலோசனையாக எடுத்துக்கொண்டேன். வீட்டில் அப்பாவின் புனல் இருந்தது, போட் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஊற்றுகிற பிளாஸ்ரிக் புனல். குழாயை வெட்டி மேசையில் போட்டுவிட்டு, அகன்ற வாயில் ஃபேனைக் கம்பியால் கட்டினேன். அப்பா கடலால் வந்து பார்த்தார்.

"எஞ்சினுக்கு நான் இனி என்னத்தால எண்ணெய் ஊத்துறது? உன்ர சான்றிதழாலயோ?"

முதலில் ஃபேனைப் பின்முன்னாகப் பூட்டிவிட்டேன். பெட்டி மூன்றே நிமிடத்தில் நின்றது. திருப்பிப் பூட்டினேன். ஒரு மணித்தியாலம் ஓடியது. வீடெல்லாம் மண்ணெண்ணெய் மணம், ஆனால் துளிச் சத்தம் இல்லை. பெட்டிக்குப் பின்னால் கை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தால்தான் அதற்கு உயிர் இருப்பதே தெரியும். அதை வீட்டில் ஒருவருக்கும் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த நேரம் என் தலை வானத்தில் இருந்தது.

ஞாயிறு பின்னேரம் மூன்றாவது கோல். திரையில் மாமியும் அன்ரனும். அன்ரன் கோட் போட்டுக்கொண்டு வாயே திறக்காமல் இருந்தார். மாமி மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்: "பிள்ளை, மீன்குழம்பு வைப்பீரோ? செபமாலை சொல்லுவீரோ? குளிர் தாங்குவீரோ?" அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நாங்கள் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, மணிக்கூட்டைத்தான் பார்த்தோம். பத்து நிமிடம் தாண்டியது. இருபது தாண்டியது. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவையும் கமராவில் காட்டுவோமே என்று நான் கதிரை போட இடம் தேடி, காலால் பெட்டியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினேன்.

திரை கறுத்துவிட்டது.

கறுத்த திரை, சத்தமில்லாத பெட்டி. அந்த வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் பூட்டிய ஃபேன்தான், சத்தம் போடாது என்று தெரிந்தவனும் நான்தான். இருந்தும் என் காது பழைய காது.

"போச்சுது," என்றார் அம்மா.

"புனலும் போச்சுது," என்றார் அப்பா.

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கப் பகிடி விட்டேன். (இந்தக் குணம் இன்றும் போகவில்லை.) "அந்த மனுசி அப்பிடி வாய் மூடாமக் கதைச்சால் பெட்டி கொதிக்காம என்ன செய்யும்? முதல்ல அவவின்ர வாய்க்கெல்லோ பெரிய ஃபேன் பூட்டவேணும்." வெட்டிய புனல் குழாயை வாயில் வைத்துக்கொண்டு, "மீன்குழம்பு வைப்பீரோ, செபமாலை சொல்லுவீரோ" என்று ஆடியும் காட்டினேன். அம்மா அழுதபடியே சிரித்தார். "பொடியன் ஊமையோ எண்டு விசாரிச்சனிங்களோ?" என்று அப்பா கேட்டார்.

அக்கா சிரிக்கவில்லை. பவுடரைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு அவரப் பிடிச்சுது. ஆனா அந்த மனுசன் ஒரு சொல்லுக் கதைக்கேல்ல, தாய்தான் கதைச்சவ. தாயைக் கட்டுறதெண்டால் எனக்கு வேண்டாம். அவரக் கட்டுறதெண்டால் ஓம்."

அப்போது கறுத்த திரைக்குள் இருந்து ஓர் ஆம்பிளைக் குரல் வந்தது.

"அம்மா, நீங்கள் ஒருக்கா வெளியில போங்கோ. நான் அவவோட கதைக்கவேணும்."

அம்மா சிலுவை அடையாளம் போட்டார். அப்பா கூரையைப் பார்த்தார். எனக்கு எது எங்கே நடக்கிறது என்றே விளங்கவில்லை. பெட்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். திரையின் வயர் மட்டும் கழன்று தொங்கியது. கையை வைத்தேன். புனலின் புண்ணியத்தில் பெட்டி பச்சைத்தண்ணி மாதிரிக் குளிர்ந்திருந்தது. மைக் வேலை செய்தது. கமராவும் வேலை செய்தது. என் ஆட்டம் உட்பட எல்லாவற்றையும் கனடா பார்த்துவிட்டது. மாமி கத்த வெளிக்கிட்டாராம், அன்ரன்தான் கையைப் பிடித்து நிறுத்தினாராம். பிறகு அறிந்தோம்.

வயரைச் செருகினேன். திரையில் அன்ரன் மட்டும் இருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு கதவு படாரென்று சாத்துப்பட்டது. அக்கா எங்கள் மூவரையும் பார்த்து, "நீங்களும் போங்கோ" என்றார். போனோம். அவர்கள் இரண்டு மணித்தியாலம் கதைத்தார்கள். பெட்டி நிற்கவேயில்லை.

கலியாணம் அரிப்புக் கோயிலில்தான் நடந்தது. மாமி நேரே என்னிடம் வந்து ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார். அவிழ்த்தேன். பற்றரியில் ஓடும் சின்னக் கை ஃபேன்.

"என்ர வாய்க்கு நீர்தான் பூட்டிவிடவேணும்," என்றார், சிரிக்காமல். அன்றைக்கு நான் வெட்கத்தில் பந்திப் பக்கமே போகவில்லை.

இப்போது வீட்டில் எல்லோரிடமும் ஃபோன் இருக்கிறது. மாமியைப் பற்றி ஏதும் சொல்லவேண்டி வந்தால், அம்மா கோல் கட்டான பிறகும் ஃபோனைக் கவிழ்த்து, அதன் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். "அம்மா, உதுக்குள்ள ஃபேன் இல்ல" என்று நான் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன்.

"நீ சும்மா இரு மாஸ்ரர்," என்பார் அம்மா. பிறகு ஃபோனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்துதான் கதையைத் தொடங்குவார்.