ஊசிக்குப் பிறகு நெளிந்த கோடு

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும். எதுவும் விட்டுப்போகாதிருக்க, சொல்ல வந்தவை முதலிலேயே:

1. நான் ஊசி போட்டுக்கொண்டது.
2. கோடு நெளிந்தது; காரணம் ஊசியே.
3. ஆகவே வெள்ளிக்கிழமை நீ போட்டுக்கொள்ள வேண்டாம்.
4. உன் அண்ணியின் தேநீர்க் கஞ்சத்தனம் (இடமிருந்தால்).

"நீ முதல்ல போட்டுக்கோண்ணா, உனக்கு ஒண்ணும் ஆகலைன்னா நானும் போட்டுக்கறேன்" என்றாய். அந்தப் பாசத்துக்கு நன்றி. திங்கட்கிழமை சளிக்காய்ச்சல் தடுப்பூசியை இடது கையில் போட்டுக்கொண்டேன்.

வரைபட அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் கோடு போட்டவன் நான். இப்போதும் தினமும் காலையில் அளவுகோல் இல்லாமல் நோட்டில் ஒரு கோடு இழுத்து, முந்தின நாள் கோட்டோடு ஒப்பிட்டு, 'நேர்' என்று குறித்து மூடிவிடுவேன். செவ்வாய்க்கிழமை, ஊசியாயிற்றே என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நெளிந்திருந்தது. இருபத்திரண்டு கோடு போட்டேன், அத்தனையும் நெளிவு, அண்ணி எட்டிப் பார்த்து "நகருங்க, நான் போடறேன்"னு ஒண்ணு போட்டா, அது என்னோடதைவிட நேரா வந்துடுச்சு, அது வேற வயித்தெரிச்சல். ஊசி இடது கை, கோடு வலது கை என்பாய். நரம்பெல்லாம் ஒரே வீடுதானே, எந்த வாசல்ல நுழைஞ்சா என்ன?

உடனே டாக்டரிடம் ஓடினேன். அவர் என் முட்டியில் சுத்தியலால் தட்டினார். என் கால் அவர் மேஜையை உதைத்தது. "நரம்புக் கோளாறு வரவே வராதுன்னு சொல்லமாட்டேன் ஐயா. ரொம்ப அபூர்வமா வரலாம். கால்ல பலவீனம் ஆரம்பிச்சு மேல ஏறினா உடனே ஓடிவாங்க. உங்க கால் நல்லாவே உதைக்குது. ஊசிக்கு முன்னாடி கோடு எப்படி இருந்துச்சு?"

"நேர்!" என்றேன்.

"பழைய நோட்டைக் கண்ணாடி வெச்சுப் பாருங்க."

கடிதத்தை முடித்துவிட்டுப் பார்க்கிறேன். போன காய்ச்சலில் நீ பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறியதை நான் மறக்கவில்லை. அதனால்தான் மூன்றாவதை எழுதக் கை நடுங்குகிறது (அல்லது ஊசியால்).

நான்காவது: என் கோப்பை நிரம்பி ஒரு வருஷமாகிறது.

எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருங்கள்.

உன் அண்ணன்

பி.கு.: நோட்டைப் பார்த்தேன். ஊசிக்கு முந்தின நாள் கோடு நெளிவு. போன மாதம் நெளிவு. போன வருஷமும். முந்தின நாளோடு மட்டுமே ஒப்பிட்டு வந்தவனுக்கு எப்படித் தெரியும்? அண்ணியிடம் காட்டினேன். "தெரியுமே. அதனாலதான் முக்கால் கோப்பை ஊத்தறேன். சிந்தினா உங்க முகம் வாடிடுது" என்றாள். சனிக்கிழமை நரம்பு டாக்டரிடம் போகிறோம்.

இரண்டாவது தவறு. அதோடு மூன்றாவதும் விழுந்தது. வெள்ளிக்கிழமை கட்டாயம் போட்டுக்கொள். நான்காவதை அடிக்கப் பார்த்தேன், கோடு நேராக வரவில்லை. நீயே அடித்துவிடு.