ஆறட்டும் பாஸும் என் கடைசி நட்டும்

சூடான எதையும் கையால் தொடமாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிற மெக்கானிக் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கல்லடியில் இருக்கிறார். எங்கள் பக்கம் கைவேலை தெரிந்தவர் எவரென்றாலும் பாஸ்தான். இவர் ஆறட்டும் பாஸ். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருக்கக்கூடும். வாவிக்கரையை ஒட்டிய அவருடைய கராச்சுக்குள் வாகனத்தை விட்டால், மனிதர் பொனட்டைத் திறப்பார், எஞ்சினுக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையை ஆசீர்வாதம் செய்வதுபோலப் பிடிப்பார், "ஆறட்டும்" என்பார். பிறகு போய் உட்கார்ந்துவிடுவார். தேத்தண்ணியைக்கூட ஆடை படியும்வரை விட்டுத்தான் குடிப்பார்.

ஒருமுறை கல்யாணக் கார் ஒன்று தண்ணீர் கொதித்து அவர் வாசலில் நின்றது. பட்டு வேட்டியோடு இறங்கிய மாப்பிள்ளை, முகூர்த்தத்துக்கு அரை மணித்தியாலம்தான் இருக்கிறது என்று கெஞ்சினார். பாஸ் அவருக்கு ஒரு பழைய டயரை இழுத்துப் போட்டார்.

"இரிங்க தம்பி. பொம்புள எங்கயும் போகமாட்டா. இப்ப மூடியத் திறந்தா உங்கட மூஞ்சி போயிரும்."

கடைசியில் மாப்பிள்ளை மீன் ஏற்றிப்போன ஓட்டோவில் தொற்றிக்கொண்டுதான் தாலி கட்டப் போனார். மண்டபத்தில் பூ வாசத்தை மீறி என்ன வாசம் வந்தது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் என் பழைய ஜப்பான் கார் போனது. எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும் வார்ப்பிரும்பு மெனிபோல்ட் வெடித்து, கார் உழவு மெசின்போலக் கத்திக்கொண்டிருந்தது. நான் மண்டூரில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். பாடசாலைச் சந்தியில் நான் திரும்பும்போதே சத்தம் கேட்டுப் பிள்ளைகள் கொப்பியை எடுத்து வைத்துவிடுவார்கள். மெனிபோல்ட்டுக்குப் பதிலாகப் பூட்ட, நான்கு குழாய்கள் ஒன்றாகச் சேரும் பளபளப்பான ஹெடர் ஒன்றைக் கொழும்பிலிருந்து வரவழைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் எஞ்சின் ஆறும்வரை பாஸ் காத்திருந்தார். பிறகு நட்டுகளுக்கு எண்ணெய் அடித்து, ஒவ்வொன்றையும் ஸ்பானர் சாவி போட்டு மெல்ல அசைத்துப் பார்த்தார்.

"மூணு நாள் விட்டுட்டுப் போங்க சேர். எண்ணெய் ஊறணும். இந்தக் கடைசி நட்டு பொல்லாத சாதி."

"வீடியோவில ஒருத்தன் நாப்பது நிமிசத்தில பூட்டுறான் பாஸ்."

"அவன்ட ஊரில உப்புக்காத்து அடிக்கா சேர்?"

என் விஞ்ஞானப் பட்டத்துக்கு விழுந்த அடியாக அதை எடுத்துக்கொண்டேன். மூன்று நாள் என்பது கூலியை ஏற்றுவதற்கு அவர் போடும் நாடகம் என்று முடிவு கட்டினேன். நானே வீட்டில் பூட்டுவதென்று ஒரு சாவிப் பெட்டி வாங்கிக்கொண்டு காரைத் திருப்பி ஓட்டிவந்தேன்.

சனிக்கிழமை காலை மனைவி, பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத் தொடங்கச் சொன்னாள். ஹெடரைப் பின் சீற்றில் வைத்துக் கோயிலுக்குப் போனோம். ஹெடருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, நாலு சில்லுக்கும் தேசிக்காய் நசித்து, வீடு திரும்பும்போது மணி எட்டே முக்கால். ஒன்பதுக்கு ராகு காலம். எஞ்சினோ கொதிக்கிறது.

"ஒம்பதுக்கு முன்ன ஒரு நட்டையாவது கழட்டிப் போடுங்க. தொடங்கினதாப் போயிரும்," என்றாள்.

கைக்கு எட்டியது அந்தக் கடைசி நட்டுத்தான். சூட்டில் உலோகம் என்ன பாடுபடும் என்று ஒன்பதாம் தரத்துக்கு வருடா வருடம் கரும்பலகையில் படம் கீறிக் காட்டுகிறவன் நான். அந்தப் படமெல்லாம் பிள்ளைகளுக்கு. சாவியின் வாலில் கிணற்று மோட்டரின் பழைய பைப் துண்டைச் செருகி, பிள்ளையாரை நினைத்துத் தொங்கினேன். டிக் என்றது. நட்டோடு, அது பூட்டியிருந்த திருகாணியும் பாதி முறிந்து வந்துவிட்டது. மீதிப் பாதி எஞ்சினுக்குள் இருந்தது. தடுமாறிய என் உள்ளங்கை மெனிபோல்ட்டில் போய் ஒட்டியது. மணி எட்டு ஐம்பத்தாறு. எல்லாவற்றையும் நல்ல நேரத்துக்குள் முடித்துவிட்டேன்.

நான் போட்ட சத்தத்தில் மனைவி ஓடிவந்தாள். பக்கத்து வீட்டு ஓட்டோ முதலாளியின் தலை வேலிக்கு மேலே எழும்பியது.

"உடைச்சிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"நான் உடைக்கல்ல. நேத்து பாஸ் சாவி போட்டு முறுக்கினார். அப்பவே வெடிச்சிருக்கு."

இதை எழுதும்போதும் காது சுடுகிறது. யோசித்துச் சொன்ன பொய்யல்ல. அதற்காக அது சின்னப் பொய்யும் அல்ல. ஆறட்டும் பாஸ் சேருடைய எஞ்சினை முறித்துப்போட்டாராம் என்ற கதை திங்கட்கிழமைக்குள் கல்லடிப் பாலத்துக்கு அந்தப் பக்கமும் போய்விட்டது. ஓட்டோ முதலாளி தன் மூன்று ஓட்டோக்களையும் வேறு கராச்சுக்கு மாற்றினார். பாஸுக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்த வேலை அது ஒன்றுதான்.

கதை காதில் விழுந்து, திங்கட்கிழமை பின்னேரமே பாஸ் சைக்கிளில் சாவிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார். கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"கைக்கு என்ன சேர்?"

"தோசைக்கல் பட்டுட்டு."

எங்கள் வீட்டுத் தோசைக்கல் எந்த மூலையில் இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பாஸ் பொனட்டைத் திறந்து முறிந்த இடத்தை விரலால் தடவினார். பக்கத்தில் கிடந்த பைப் துண்டைப் பார்த்தார். மெனிபோல்ட்டில் ஒட்டியிருந்த என் தோலையும் பார்த்திருப்பார். வேலிக்கு மேலே தலை மறுபடி எழும்பியிருந்தது. என் மானம் போகப்போகிறது என்று நின்றேன்.

"ஓம் தங்கச்சி," என்றார் என் மனைவியிடம். "நான்தான் வெள்ளிக்கிழமை கொஞ்சம் கூட முறுக்கிட்டன் போல. வயசாகுது. நானே சரிபண்ணித் தாறன்."

வாய் திறக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்திருக்காது. நான் திறக்கவில்லை.

மூன்று நாள் எங்கள் முற்றத்தில் வேலை செய்தார். முறிந்த துண்டின் நடுவில் பிசகாமல் துளையிட்டு, எண்ணெய் விட்டு, காத்திருந்து, மெல்ல மெல்லச் சுழற்றி வெளியே எடுத்தார். ஹெடரையும் பூட்டித் தந்தார். கூலி கொடுக்கப் போனேன். "என்ட பிழைக்கு நான் எப்படிக் காசு வாங்குற?" என்று சைக்கிளை எடுத்தார்.

இப்போது நான் வருவது பிள்ளைகளுக்குக் கேட்பதில்லை. ஆனால் பாடசாலைக்குப் போகும்போதெல்லாம் அவருடைய கராச் வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்தேன். பார்க்க முடியாமல் ஒரு மாதம் வேறு வீதியால் சுற்றிப் போனேன். ஒரு நாள் தாங்காமல் மனைவியிடம் சொன்னேன். "தோசைக்கல் எண்டு சொன்னப்பவே தெரியும்," என்றாள். பிறகு வேலியடியில் நின்று ஓட்டோ முதலாளியிடம் சொன்னேன். அவர் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "படிப்பிக்கிற ஆள் பொய் சொல்லமாட்டார் எண்டுதான் சேர் நம்பினன்," என்றார். மறுநாளே ஓட்டோக்கள் பாஸிடம் திரும்பிப் போயின.

கடைசியாகப் பாஸிடம் போனேன்.

"உங்களுக்கு அண்டைக்கே தெரியும்தானே பாஸ். ஏன் பழிய உங்கட தலையில போட்டீங்க?"

கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "பொஞ்சாதி பக்கத்தில நிண்டா. முறிஞ்ச ஆணியெண்டா நான் எப்படியும் எடுத்துருவன் சேர். அவட மனசில உங்களப் பொய்க்காரனாக்கிட்டா, அத எடுக்க எனக்குத் தெரியாது."

பழகிய இத்தனை வருடத்தில் அந்த மனிதர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அன்றுதான் தெரிந்தது.

இந்தக் கதையை எழுதட்டுமா என்று போன வாரம் அவரிடம் கேட்டேன். "எழுதுங்க. உங்கட பேர மட்டும் போடாதீங்க, பள்ளிப் பிள்ளைகள் வாசிக்கும்," என்றார். தன்னைப் பற்றி என்ன எழுதப்போகிறேன் என்று கேட்கவேயில்லை. என் பெயரை முழுதாகப் போடும்படி பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். பாஸ் பேச்சை மீறி நான் செய்தவற்றில், வெட்கப்படாமல் செய்தது இது ஒன்றுதான்.